மேலே ஒரு டிகிரி பிளஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை, இருட்டு விலகுமுன்பே, ஐலெர்ட் காட்டுப் பாதையில் காரை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பந்தயத் திடல்வரை போய்விட்டுத் திரும்பினான். கார் கொட்டகையில் அவன் மனைவி ஹால்டிஸும் அவள் தங்கை சுன்னிவாவும் மூன்று ஜோடிப் பனிச்சறுக்குப் பலகைகளைக் கவிழ்த்துப் போட்டுக் காத்திருந்தார்கள். நான் எதிர்வீடு. கைகொடுக்க வந்தேன் என்று பேர். காப்பிக்கு வந்தேன் என்பதுதான் சரி.

ஐலெர்ட் கார்க் கண்ணாடியை இறக்கினான். இறங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"மேலே ஒரு டிகிரி பிளஸ். சிவப்பு மெழுகு எடுங்க."

"பிளஸ்ஸா?" என்றாள் ஹால்டிஸ். "நம்ம சுவத்துல மைனஸ் ஆறு காட்டுது."

"இது பள்ளம். குளிர் வழிஞ்சு வந்து இங்கதான் தேங்கும். மேல வெதுவெதுன்னு இருக்கும். இதுகூடத் தெரியாம இந்தப் பள்ளத்தாக்குல எப்படித்தான் வளந்தியோ."

"நீ கார விட்டு இறங்கிப் பாத்தியா?"

"எதுக்கு இறங்கணும்? அதான் கார் சொல்லுதே."

அவன் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ஊர் உறைந்து கிடக்கும்போது மலை முகட்டில் கோட்டுப் பித்தானைக் கழற்றிவிடும் அளவு இதமாக இருப்பது உண்டு. அதனால் யாரும் மேற்கொண்டு வாதாடவில்லை. மேலும் ஐலெர்ட் மர ஆலையில் பலகைகளின் ஈரத்தை அளக்கிற வேலையில் இருப்பவன். கருவி சொன்னால் அவனுக்கு வேதம். ஊரில் மற்றவர்கள் பனியைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்து மெழுகு தடவுவார்கள். அவன் காரின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துத் தடவுவான். எத்தனையோ வருஷமாக அது தப்பியதில்லை.

மெழுகு என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பலகையின் அடியில், கால் மிதிக்கும் இடத்தில் தடவுவது அது. மேடு ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், இறக்கத்தில் ஓட விடவும் வேண்டும். உலர்ந்த குளிர்ப் பனிக்கு இறுகிய நீல மெழுகு. இளகத் தொடங்கிய ஈரப் பனிக்கு ஒட்டுகிற சிவப்பு மெழுகு. மாற்றித் தடவினால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு இரண்டு ஊரும் கூடி நின்று பார்த்தது.

வருஷா வருஷம் ஜனவரியில் எங்கள் ஃபூருலிக்கும் பக்கத்து ஊர் தால்மூவுக்கும் மூன்று பேர் அணியாக, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் புறப்படும் பனிச்சறுக்குத் தொடர் பந்தயம் நடக்கும். தோற்ற ஊர் வியாழக்கிழமை மாலை ஊர் மன்றத்தில் ஜெயித்த ஊருக்கு வாஃபிள் சுட்டுப் போட வேண்டும். பரிசு என்று வேறு எதுவும் கிடையாது. ஆனால் தால்மூக்காரன் ஒருவன் வாயில் ஜாமோடு "இன்னும் ரெண்டு சுடுங்கம்மா" என்று சொல்வதைக் கேட்பதைவிட ஏரியில் ஓட்டை போட்டுக் குதிக்கலாம் என்பது ஃபூருலியின் பொதுக் கருத்து.

முதலில் சுன்னிவா புறப்பட்டாள். விசில் ஊதியதும் இரண்டு எட்டு நன்றாகத்தான் வைத்தாள். மூன்றாவது எட்டில் பலகை தரையை விட்டு வர மறுத்தது. தூக்கினாள். அடியில் ஒரு கட்டிப் பனி ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. அடுத்த காலிலும் அப்படியே. நடக்க நடக்கக் கட்டி பெருத்தது. கொஞ்ச தூரத்தில், குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி சுன்னிவா பைன் மரங்களுக்கு நடுவே தத்தித் தத்திப் போனாள். தால்மூவின் பெண் நீல மெழுகில் விர்ரென்று தாண்டிப் போனாள்.

"அத்தான்!" என்று காட்டுக்குள்ளிருந்து சுன்னிவாவின் குரல் கேட்டது. "உங்க மெழுகுல தீய வைக்க!"

அடுத்துப் போன ஹால்டிஸ் வளைவுக்கு வளைவு நின்று, பலகையைக் கழற்றி, மரத்தில் அடித்து, பனியை உதிர்த்துவிட்டுப் போனாள். அந்த அடி ஒவ்வொன்றும் யார் முதுகில் விழ வேண்டியது என்று பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி ஆளாக ஐலெர்ட் எல்லைக்கோட்டைத் தொட்டபோது தால்மூ அணி உடை மாற்றி, சுட்ட தொத்திறைச்சியில் கடுகு தடவிக்கொண்டிருந்தது.

தால்மூ அணித்தலைவன் ஓஸ்முண்ட் ஆள் நெட்டை, குரல் அதைவிட நீளம்.

"ஐலெர்ட்! ஒரே நாள்ல என் உயரத்துக்கு வளந்துட்டியே! என்ன தின்ன?"

"சென்சார் கெட்டுப்போச்சு" என்றான் ஐலெர்ட். "கார்ல வெளிக் குளிர அளக்கிற சென்சார். பிளஸ் ஒண்ணுன்னு காட்டுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஓகோ, காரா தோத்துச்சு! அடுத்த வருஷம் கார்லயே ஓடிடு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஐலெர்ட்டின் காது சிவந்தது.

"வியாழக்கிழமை நிரூபிக்கிறேன். சென்சார் கெட்டுப்போனதுதான் காரணம்னு எல்லார் முன்னாலயும் நிரூபிக்கிறேன்."

"நிரூபிக்காட்டி?"

"நிரூபிக்காட்டி மெழுகுப் பெட்டிய ஹால்டிஸ்கிட்டக் குடுத்துடறேன்."

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று ஹால்டிஸ் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் மலர்ச்சி அதுதான்.

திங்கட்கிழமை மதியம் ஐலெர்ட் ஆலையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். பட்டறைக்காரி கணினியைக் காரில் செருகி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படித்தாள்.

"ஒரு குறையும் இல்ல. எல்லாம் சுத்தம்."

"சென்சார்?"

"மைனஸ் அஞ்சு காட்டுது. வாசல்லயும் மைனஸ் அஞ்சுதான். நீங்களே பாருங்க."

"நேத்து பிளஸ் ஒண்ணு காட்டுச்சு."

"நேத்தியக் குளிர இன்னைக்கு எப்படிங்க ரிப்பேர் பண்றது?"

கார் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்து ஒருவன் இவ்வளவு சோர்ந்து போனதை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். வாங்க மனசில்லாதவன் போல சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

செவ்வாய்க்கிழமை, ஆலையிலிருந்து வந்ததும் மல்டிமீட்டரை எடுத்தான். அந்த சென்சார் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. விரல் நுனி அளவு ஒரு குமிழ். அது எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். எந்தக் குளிருக்கு எவ்வளவு தடை என்று இணையத்தில் அட்டவணை கிடைத்தது. காரின் முகப்பைக் கழற்றுவது பெரிய வேலை என்பதால், என்ஜின் மூடியைத் திறந்து, மேலிருந்து கைக்கு எட்டிய இடத்தில் வயர் இணைப்பைப் பிரித்து அங்கேயே அளக்க முடிவு செய்தான். ஹால்டிஸ் உள்ளே உட்கார்ந்து திரையைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே படித்தாள்.

"இப்ப என்ன காட்டுது?"

"மைனஸ் நாப்பது."

ஐலெர்ட்டின் தலை மூடிக்கு அடியிலிருந்து துள்ளி வெளியே வந்தது. "நாப்பதா! பாத்தியா? பாத்தியா? பச்சைப் பொய்!"

"நீ வயரக் கழட்டிக் கையில வச்சிருக்க, ஐலெர்ட்."

அவன் கையைப் பார்த்தான். தலை மறுபடி மூடிக்குள் போனது.

மீட்டரில் வந்த எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டான். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. மீட்டர்மேல் சந்தேகப்பட்டு, ஆலையிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்த இன்னொரு மீட்டரிலும் அளந்தான். அதுவும் அதையே சொன்னது. வயர் உள்ளே எங்காவது அறுந்து அறுந்து தொடுகிறதோ என்று இணைப்பை மாட்டிவிட்டு வயரைப் பிடித்து ஆட்டினான்.

"இப்ப?"

"மைனஸ் அஞ்சு."

"இப்ப?"

"மைனஸ் அஞ்சு."

"நல்லா ஆட்டறேன், இப்ப?"

"மைனஸ் அஞ்சு. எனக்கும் மைனஸ் அஞ்சு. காலு மரத்துப்போச்சு. இந்தப் பாவப்பட்ட சென்சார விட்டுடேன், அது ஒரு தப்பும் பண்ணல."

"தப்பு பண்ணாமத்தான் நம்ம மூணு பேரையும் பனிப்பொம்ம ஆக்குச்சா?"

"அத ஆக்குனது சென்சார் இல்ல. சிவப்பு மெழுகு."

ஐலெர்ட் மூடியைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினான்.

அன்று மாலை ஹால்டிஸுக்குத் தால்மூ தேவாலயத்தில் பாட்டுக் குழு ஒத்திகை. வீட்டில் இருப்பது ஒரே கார். நாலு மணிக்கெல்லாம் கும்மிருட்டு கவிந்துவிடும் மாதம் அது. அவள் காட்டுப் பாதையில் தனியாகப் போனாள். போகும்போது தன் பங்குப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரையை ஒரு கண்ணால் பார்த்தாள். வீட்டு வாசலில் மைனஸ் எட்டு. காட்டுக்குள் நுழைந்து சிறிது நேரத்தில் மைனஸ் ஆறு. பெரிய பாறை வளைவில் மைனஸ் இரண்டு. மரம் இறக்கி வைக்கும் மேட்டில் பிளஸ் ஒன்று.

பாட்டு நின்றது. அவள் காரை ஓரங்கட்டினாள். கணவன் செய்யாத காரியத்தைச் செய்தாள்: கதவைத் திறந்து இறங்கினாள். மூக்கு மயிர் அந்த நொடியே விறைத்தது. காலடியில் பனி மொறுமொறுவென்று கத்தியது. பிளஸ் ஒன்றில் பனி அப்படிக் கத்தாது.

மறுபடி ஏறி ஓட்டினாள். தால்மூவின் தெருவிளக்குகள் தொடங்கியதும் எண் இறங்க ஆரம்பித்தது. தேவாலய வாசலில் சமர்த்தாக மைனஸ் எட்டில் வந்து நின்றது. ஒத்திகை முடிந்து திரும்பும்போதும் அதே கூத்து: ஊருக்குள் உண்மை, காட்டுக்குள் பொய்.

காட்டில் இருப்பது என்ன, ஊரில் இல்லாதது என்ன? இருட்டு. இருட்டில் அவள் என்ன செய்கிறாள்? காட்டுமான் குறுக்கே வந்துவிடுமோ என்று, தூரம்வரை அடிக்கும் நெடுவெளிச்சம் போடுகிறாள். நெடுவெளிச்சம் போட்டால் கூடவே எரிவது எது? காரின் முகப்பில் குறுக்காக மாட்டியிருக்கும் அந்த நீண்ட விளக்குப் பட்டை. நவம்பரில் ஐலெர்ட் தன் கையால் மாட்டியது. அதற்குத் தனி சுவிட்ச் ஒன்றும் வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இதைச் சும்மா சொல்லிவிட்டால் வீணாகிவிடும் என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

புதன்கிழமை மாலை, "வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். நான் ஓட்டறேன்" என்றாள்.

"எங்க?"

"வசந்தகாலம் பாக்க."

ஐலெர்ட் மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான். காட்டுக்குள் நுழைந்ததும் ஹால்டிஸ் பட்டை விளக்கை அணைத்து, சாதாரண வெளிச்சத்தில் மெதுவாக ஓட்டினாள்.

"என்ன காட்டுது?"

"மைனஸ் ஒம்பது. நான் சோதிக்கறப்ப மட்டும் ஒழுங்கா நடிக்குது."

"இரு. நான் அதுக்குக் கொஞ்சம் இளவேனில் காட்டறேன்." பட்டை விளக்கைப் போட்டாள். காடு பட்டப்பகலாக விரிந்தது. வண்டி பாறை வளைவைத் தாண்டியது.

"மைனஸ் ஏழு" என்றான் ஐலெர்ட். குரல் மாறியிருந்தது. "மைனஸ் நாலு. ஹால்டிஸ், ஏறுது! பாரு, ஏறுது!"

"அவசரப்படாத, இன்னும் பூவே பூக்கல."

"மைனஸ் ஒண்ணு... பிளஸ்! பிளஸ் ரெண்டு! நான் சொல்லல? நான் சொன்னேனா இல்லையா? கெட்டுப்போச்சு! அப்பவே சொன்னேன், கெட்டுப்போச்சு!" அவன் இருக்கையில் குதித்ததில் மீட்டர் காலடியில் விழுந்தது.

"இப்ப பாரு, மறுபடி மார்கழி." அவள் விளக்கை அணைத்தாள். காடு கறுத்தது. வண்டி ஊர்ந்தது. எண் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. ஜீரோ. மைனஸ் மூன்று. மைனஸ் ஆறு.

ஐலெர்ட்டின் குதிப்பு நின்றது. அவன் திரையைப் பார்த்தான், மனைவியின் விரலைப் பார்த்தான், விரல் இருந்த சுவிட்சைப் பார்த்தான்.

"விளக்கு..." என்றான்.

"ம்."

"விளக்குக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?"

"அதத்தான் நீ இறங்கிப் பாத்துச் சொல்லப்போற. இன்னைக்காவது இறங்கு."

மரம் இறக்கும் மேட்டில் காரை நிறுத்தினாள். ஐலெர்ட் கைவிளக்கோடு பனியில் முழங்காலிட்டு, முகப்பு வலைக்குப் பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். ஹால்டிஸும் அவன் பக்கத்தில் குனிந்தாள். அந்த விளக்குப் பட்டைக்கு முன்பக்கம் வெளிச்சம், முதுகுப் பக்கம் அடுப்பு. எரியும்போது உண்டாகும் சூடெல்லாம் பின்னால் விலா எலும்பு மாதிரி வரிவரியாக இருக்கும் அலுமினியத்தில்தான் வந்து சேரும். அந்த விலாவோடு ஒட்டி, அம்மாவின் முதுகில் கட்டிய கைக்குழந்தை மாதிரி, விரல் நுனி அளவு ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. வயர்களை இறுக்கிக் கட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாடாக்கள் மூன்றால் அதைக் கட்டியிருந்தது. நாடாவின் நுனிகள் மூன்றும் ஒரே சாய்வில், அழகாக வெட்டப்பட்டிருந்தன.

எங்கள் ஊரில் நாடா நுனியைச் சாய்வாக வெட்டுகிறவன் ஒருவன்தான். கை கீறாமல் இருக்க அதுதான் சரியான முறை என்று அவன் பலருக்கு வகுப்பு எடுத்திருக்கிறான்.

"யாரோ நல்லா நேர்த்தியாக் கட்டியிருக்காங்க" என்றாள் ஹால்டிஸ்.

ஐலெர்ட் நாடாவின் நுனியை விரலால் தடவிப் பார்த்தான். விளக்கு மாட்ட அன்றைக்குக் குறுக்கே நின்றது இந்தக் குமிழ்தான். பம்பருக்கு அடியில் இருந்த கொக்கியிலிருந்து கழற்றி, 'இப்போதைக்கு' என்று பட்டையோடு சேர்த்துக் கட்டியது எல்லாம் அவனுக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சென்சார் கெடவே இல்லை. தன்னைக் கட்டிப்போட்ட இடத்தில் எவ்வளவு சூடோ அதை நாணயமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பகலில் சோதித்த பட்டறைக்காரிக்கும் சரியாகச் சொன்னது. கொட்டகையிலும் சரியாகச் சொன்னது. ஞாயிறு விடிகாலையில், காடு முழுக்க நெடுவெளிச்சம் போட்டுக்கொண்டு போனவனுக்கும் சரியாகத்தான் சொன்னது.

ஹால்டிஸ் முதலில் கையால் வாயைப் பொத்தினாள். பிறகு அது முடியாமல் காரின் மூடிமேல் சாய்ந்து சிரித்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்ததில் கண்ணீர் இமையிலேயே உறைந்தது. ஐலெர்ட் முழங்காலிட்டபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவதா என்று யோசித்தான்; பனியில் மண்டியிட்டுக்கொண்டு கோபப்படுவது சிரமம். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"ஹால்டிஸ்."

"என்ன?"

"நவம்பர் சனிக்கிழம... நம்ம கொட்டகைல நான் ஒரு கார்லயா மாட்டினேன்?"

மன்றத்தில் எல்லாரும் சேர்ந்து மொத்தமாக வரவழைத்த விளக்குகள் அவை. தனித்தனியாக மாட்டிக் கஷ்டப்படாதீர்கள், கொண்டுவாருங்கள், நான் மாட்டித் தருகிறேன் என்று ஐலெர்ட் தான் எல்லாரையும் அழைத்தான். அன்று அவன் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. என் காரும் நின்றது. ஓஸ்முண்டின் காரும் நின்றது.

வியாழக்கிழமை மாலை மன்றத்தில் தோற்ற ஊரின் முறைப்படி ஐலெர்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு வாஃபிள் சுட்டான். சுன்னிவா மாவு ஊற்றினாள். "அத்தான், இந்த வாஃபிள் அச்சு எவ்வளவு சூடுன்னு கார்கிட்டக் கேட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது அவன் வெந்த வாஃபிளை எடுத்துத் தட்டில் போட்டான். தால்மூக்காரர்கள் ஜாமும் பழுப்புச் சீஸும் வைத்து மடித்து மடித்து உள்ளே தள்ளினார்கள். ஓஸ்முண்ட் மேசையைத் தட்டினான்.

"இன்னும் ரெண்டு சுடுங்கப்பா! அப்புறம் நிரூபணம் என்னாச்சு? நீதிபதிகள் எல்லாம் காத்திருக்கோம்!"

"முதல்ல எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று ஹால்டிஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஐலெர்ட் முடிந்தவரை நிதானமாகச் சுட்டான். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனோடு எழுந்து நின்றான். அவன் சுற்றி வளைக்கவில்லை. அதற்காக அவனை மெச்ச வேண்டும்.

"சென்சார் கெடல. நான்தான் அத விளக்கு முதுகுல கட்டிவச்சேன். விளக்கு எரிஞ்சா அது சுடுது. சுட்டா பிளஸ் காட்டுது. அவ்வளவுதான்."

யாரோ ஒருவர் முதலில் களுக்கென்று சிரித்தார். பிறகு கூரை அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ஓஸ்முண்ட். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையைத் தட்டி, காப்பியைச் சிந்தி, "தானே கட்டி... தானே வச்சு..." என்று அதிலேயே மாட்டிக்கொண்டு திணறினான்.

"மெழுகுப் பெட்டிய ஹால்டிஸ்கிட்டக் குடுத்துட்டேன்" என்றான் ஐலெர்ட். "இன்னொண்ணும் சொல்லணும். நவம்பர்ல உங்க எல்லார் கார்லயும் நான் அப்படித்தான் கட்டினேன்."

சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அணைந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தக் குளிர்காலம் முழுவதும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கார்த் திரையைப் பார்த்துவிட்டு, 'இந்த வருஷம் குளிரே இல்லை, பூமி சூடாகுது' என்று ஆலைச் சாப்பாட்டு மேசையில் அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். பேசும்போது இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஓஸ்முண்டின் வாய் மட்டும் இன்னும் திறந்தே இருந்தது. "என் கார்லயுமா?"

"உன் கார்லயும்தான்."

"அப்ப ஞாயித்துக்கெழம காலைல எனக்கு..." அவன் நிறுத்தினான்.

"உனக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்று ஹால்டிஸ் மெதுவாகக் கேட்டாள்.

ஓஸ்முண்ட் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான். பதில் பக்கத்திலிருந்து வந்தது. அவன் மனைவி க்ரூ, சாதாரணமாக அதிகம் பேசாதவள், வாஃபிளை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"பிளஸ் ஒண்ணரை. சிவப்பு மெழுகு தடவுன்னு எனக்கு ஆர்டர் போட்டுட்டு குளிக்கப் போயிட்டார்."

"ஆனா நீங்க நீலத்துல ஓடினீங்களே!" என்றாள் சுன்னிவா.

"நான் குப்பை கொட்ட வெளிய போனேன். மூக்கு ஒட்டிக்கிச்சு. நீலம் தடவினேன்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே!" என்றான் ஓஸ்முண்ட்.

"ஜெயிச்சதுல அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

இந்தத் தடவை கூரை அதிர்ந்ததில் தால்மூக்காரர்கள் பங்குதான் அதிகம். ஐலெர்ட் சிரிக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான். வயர் வெட்டும் கத்தியை எடுத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். ஓஸ்முண்ட் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அவன் போனதும் இன்னும் நாலைந்து பேர், நான் உட்பட, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தோம்.

மன்றத்து ஜன்னல் வெளிச்சம் விழுந்த முற்றத்தில், கார்களுக்கு முன்னால் எங்கள் பள்ளத்தாக்கின் பெரிய மனிதர்கள் எல்லாம் பனியில் மல்லாந்தும் குப்புறவும் கிடந்தோம். மைனஸ் பதினொன்று, மன்றத்துச் சுவரில் பார்த்தேன். ஐலெர்ட் ஒவ்வொரு காராகத் தவழ்ந்து போய் நாடாவை வெட்டினான். கையுறை போட்டால் கொக்கியைப் பிடிக்க முடியாது, போடாவிட்டால் விரல் இருப்பதே தெரியாது. பம்பருக்கு அடியில், காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் இருந்த பழைய கொக்கியில் குமிழைத் திரும்ப மாட்டினான்.

ஓஸ்முண்டின் கார் முறை வந்தபோது அவன் பக்கத்தில் படுத்து விளக்கைப் பிடித்தான்.

"டேய் ஐலெர்ட்."

"விளக்கக் கொஞ்சம் இடப்பக்கம் காட்டு."

"ஒண்ணு கேக்கறேன். உன் சம்சாரம் எப்படிடா கண்டுபிடிச்சா?"

"கார விட்டு இறங்கினா."

ஓஸ்முண்ட் விளக்கைக் கை மாற்றிப் பிடித்தான். "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றான். "அடுத்த வருஷம் மெழுகு யார் தடவறதுன்னு க்ரூவ நான் கேக்கணுமா, இல்ல அவளே சொல்லிடுவாளா?"

"சொல்லிடுவாங்க. கவலப்படாத."

கொக்கி சட்டென்று பிடித்துக்கொண்டது. இருவரும் எழுந்து, முதுகில் ஒட்டிய பனியை ஒருவருக்கொருவர் தட்டிவிட்டார்கள். ஐலெர்ட் தட்டியது கொஞ்சம் ஓங்கியே விழுந்தது. ஓஸ்முண்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜன்னலுக்குள் ஹால்டிஸும் க்ரூவும் சுன்னிவாவும் ஒரே மேசையில் தலையைச் சேர்த்துக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது தெரிந்தது. நாங்கள் உள்ளே போனபோது வாஃபிள் தீர்ந்துவிட்டிருந்தது. காப்பி இருந்தது. விரல்களில் உணர்ச்சி திரும்பும்வரை கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.